ஒன்பது வருட கிளியரிங் வேலையை சிவியில் இருந்து அழிக்கலாமா?

வேலை பற்றிய வாசகர் கடிதங்களுக்கு இந்தப் பக்கத்தில் பதில் எழுதி வருகிறேன். இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஐ.டி. வேலை போனவர்கள் எழுதியவை. எல்லாவற்றையும் போட இடமில்லை. மூன்றை எடுத்திருக்கிறேன். முதல் கடிதத்துக்கு நீளமாகப் பதில் எழுதியிருக்கிறேன், ஏனென்றால் அந்தத் தங்கச்சி கேட்ட கேள்வியை நானும் ஒரு காலத்தில் என்னிடமே கேட்டுப் பிழையான பதிலைச் சொல்லிக்கொண்டவன்.

கேள்வி

அன்புள்ள அண்ணா, எனக்கு 37 வயது. இரண்டு பிள்ளைகள். உயர்தரம் வர்த்தகப் பிரிவில் படித்துவிட்டுக் கோட்டையில், இறக்குமதிச் சாமானைச் சுங்கத்தில் இருந்து எடுத்துக்கொடுக்கும் ஒரு கிளியரிங் கந்தோரில் ஒன்பது வருடம் வேலை செய்தேன். பி.எல். என்ற கப்பல் சரக்குப் பத்திரத்தைச் சரி பார்ப்பது, கஸ்டெக் என்ற சுங்கப் பத்திரம் தயாரிப்பது, சாமானை எடுக்க வேண்டிய டெலிவரி ஓடருக்கு ஆள் அனுப்புவது எல்லாம் என் பொறுப்பு. 2020இல் ஊரடங்கு வந்தபோது வீட்டில் இருந்தபடி சொஃப்ட்வெயர் டெஸ்டிங் படிக்கத் தொடங்கினேன். அந்தத் தொழிலுக்கான ஐ.எஸ்.டி.கியூ.பி. என்ற சான்றிதழ்ச் சோதனையும் பாஸ் பண்ணினேன். 2022இல் கந்தோரை விட்டுவிட்டு ஒரு கொம்பனியில் கியூ.ஏ. (மென்பொருள் சோதனை) வேலைக்குச் சேர்ந்தேன். மூன்று வருடமும் இரண்டு மாதமும் போனது. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் சூம் மீட்டிங் என்று கூப்பிட்டார்கள். வெளிநாட்டு கிளையன்ட் ஒப்பந்தத்தை நிறுத்திவிட்டதாம். பதினெட்டுப் பேருக்கு வேலை இல்லை என்று சொல்ல அவர்களுக்குப் பதினைந்து நிமிடம் போதுமாக இருந்தது. திங்கட்கிழமை லப்டொப்பைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது எச்.ஆரில் என் பெயருக்கு ஒரு ராஜினாமாக் கடிதம் அடித்து வைத்திருந்தார்கள். "இதில் சைன் வைத்தால் இரண்டு மாதச் சம்பளம் உடனே வரும்" என்றார்கள். வைத்துவிட்டேன்.

இப்போது நான்கு மாதம் முடிந்துவிட்டது. 60க்கு மேல் விண்ணப்பம் போட்டேன். மூன்று இன்டர்வியூ வந்தது. இரண்டாவது இன்டர்வியூவில், "கிளியரிங் வேலையில் இருந்தவர் ஏன் இங்கே வந்தீர்கள்?" என்று ஒருவர் கேட்டார். எனக்கு நா எழவில்லை. சிவியில் அந்த ஒன்பது வருடத்தை எடுத்துவிட்டால் நல்லதா? மாமி பழைய கந்தோருக்கே திரும்பிப் போகச் சொல்கிறா. என்ன செய்யட்டும்?

வாசகி, வெள்ளவத்தை

பதில்

தங்கச்சி, சிவியைப் பற்றிப் பிறகு பேசுவோம். நாளைக் காலை செய்யவேண்டிய ஓர் அலுவல் இருக்கிறது. கையில் உள்ள சம்பளச் சிட்டைகள், நியமனக் கடிதம், அந்த ராஜினாமாக் கடிதத்தின் பிரதி, எச்.ஆர். அனுப்பிய வட்ஸ்அப் செய்திகள், எது இருக்கிறதோ அதை எல்லாம் ஒரு ஃபைலில் போட்டுக்கொண்டு நாரஹேன்பிட்டி கிருள வீதியில் இருக்கும் தொழில் திணைக்களத்துக்குப் போங்கள்.

1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதானால், அவர் முன்கூட்டியே எழுத்தில் சம்மதிக்க வேண்டும். இல்லாவிட்டால் தொழில் ஆணையாளர் நாயகத்தின் எழுத்து அனுமதி வேண்டும். "கிளையன்ட் போய்விட்டார்" என்பது அந்த அனுமதியைக் கேட்பதற்கான காரணம், அனுமதிக்குப் பதிலாக நிற்கும் காரணம் இல்லை. அதனால்தான் ராஜினாமாக் கடிதத்தை ஏற்கனவே அடித்து வைக்கிறார்கள். நீங்களே விலகியதாகக் காகிதத்தில் ஆகிவிட்டால் அவர்கள் யாரிடமும் போகத் தேவையில்லை. நீங்கள் சைன் வைத்துவிட்டீர்கள், உண்மை. ஆனால் எந்த நிலைமையில் வைத்தீர்கள், ஒரே நாளில் பதினெட்டுப் பேரும் ஒரே வசனத்தில் எப்படி ராஜினாமாச் செய்தார்கள் என்பதைக் கேட்டு விசாரிப்பது திணைக்களத்தின் வேலை. எல்லாம் முடிந்தது என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். முறைப்பாடு கொடுக்க வேலை போன நாளில் இருந்து ஆறு மாதம்தான் உண்டு. உங்களுக்கு நான்கு போய்விட்டது. மற்றப் பதினேழு பேரில் இரண்டு பேரையாவது கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

போன கையோடு இன்னொன்றையும் கேளுங்கள். கிளியரிங் கந்தோரை விட்டபோது பணிக்கொடை வாங்கினீர்களா? 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாத இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் சேரவேண்டும். தானாக விலகினாலும் சேரவேண்டும். கடைசிச் சம்பளம் 60,000 என்று வைத்தால் ஒன்பது வருடத்துக்கு 270,000 ரூபாய். கியூ.ஏ. கொம்பனியில் நீங்கள் ஐந்து வருடம் இருக்கவில்லை, அதனால் அங்கே பணிக்கொடை இல்லை. ஆனால் ஈ.டி.எஃப். என்ற ஊழியர் நம்பிக்கை நிதிப் பணத்தை, வேலையை விட்டவர் வயது வரும்வரை காத்திருக்காமல் எடுக்கலாம். ஐந்து வருடத்துக்கு ஒரு தடவைதான் அப்படி எடுக்க முடியும், முன்னர் எடுத்தீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஈ.பி.எஃப். என்ற ஊழியர் சேமலாப நிதி அப்படியே கிடக்கட்டும். பெண்களுக்கு 50 வயதில்தான் அது முழுதாகக் கைக்கு வரும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் 1989இல் மருதானைப் பக்கம் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கச் சேர்ந்தேன். ஈய எழுத்து. இருபது பேர் வேலை செய்த இடம். எட்டு வருடம் கழித்து முதலாளி இரண்டு கம்ப்யூட்டர் வாங்கினார், எங்களில் ஆறு பேரைக் கூப்பிட்டுக் கையில் அந்த மாதச் சம்பளத்தைக் கொடுத்து அனுப்பினார். பணிக்கொடை என்ற சொல்லே அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்தவர் ஒருவர்கூட எங்களுக்குச் சொல்லவில்லை. இந்தப் பக்கத்தை எழுத ஒப்புக்கொண்டதே அதனால்தான்.

சரி, இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்த ஒன்பது வருடத்தை எடுக்காதீர்கள். எடுக்காதது மட்டும் போதாது, அதைத் தூக்கி மேலே வையுங்கள்.

அச்சகத்தை விட்ட பிறகு நான் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளைப் படித்தேன். கொட்டாஞ்சேனையில் ஒரு கடையில் கலியாணக் கார்டு, அந்தியேட்டி அழைப்பு எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்துக்கொண்டிருந்தேன். 2006இல் ஒரு மென்பொருள் கொம்பனியில் தமிழ்த் திரைகளைச் சரிபார்க்க ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். இன்டர்வியூவில் இருந்த இருவருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஒரு திரையைக் காட்டி, "இதில் ஏதோ பிழை என்று கிளையன்ட் சொல்கிறார், என்ன பிழை?" என்று கேட்டார்கள். "கொழும்பு" என்ற சொல் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கொம்பு புள்ளி வட்டத்தில் தனியாகத் தொங்கியது. பக்கத்தில் க, அதன் பிறகு ஓர் அரவு (கால் குறி), பிறகு "ழும்பு".

பார்த்த உடனே எனக்கு விளங்கிவிட்டது. ஈய எழுத்தில் "கொ" கோர்ப்பதானால் முதலில் கொம்பை எடுத்து வைப்போம், பிறகு க, பிறகு அரவு. மூன்று துண்டு. பாமினியில் அடிப்பதும் அதே வரிசையில்தான். அதோடு பாமினியில் நீங்கள் "அம்மா" என்று அடித்தால் கண்ணுக்குத்தான் அம்மா, உள்ளே கிடப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகள். இப்போது கம்ப்யூட்டர்கள் பொதுவாகப் பாவிக்கும் யூனிகோட் என்ற எழுத்து முறையில் அப்படி இல்லை. அங்கே முதலில் க வரவேண்டும், கொம்பும் அரவும் சேர்ந்த ஒரே குறி அதன் பின்னால் வரவேண்டும். யாரோ பழைய கோப்பைக் கண்ணால் தெரியும் வரிசையிலேயே மாற்றியிருக்கிறார்கள். நான் ஒரு காகிதத்தை வாங்கி மூன்று துண்டையும் வரைந்து, இந்த வரிசை அச்சுக்கு, இந்த வரிசை கம்ப்யூட்டருக்கு என்று காட்டினேன். என் ஆங்கிலம் அன்றைக்கு மிகவும் தடுமாறியது. காகிதம் தடுமாறவில்லை. அடுத்த மாதம் முதலாம் திகதி வேலைக்கு வரச் சொன்னார்கள்.

அப்படி வேலை கிடைத்த நானே பிறகு பிழை விட்டேன். 2023இல் அந்தக் கொம்பனி தமிழ்க் குழுவை மூடியது. எனக்கு 53 வயது. சிவியைத் திருத்த உட்கார்ந்தபோது அச்சகத்து எட்டு வருடத்தையும் கொட்டாஞ்சேனைக் கடையையும் எடுத்துவிட்டேன். வயது தெரியக்கூடாது, பழைய ஆள் என்று நினைக்கக்கூடாது என்ற பயம். ஏழு மாதம் ஒரு அழைப்புக்கூட வரவில்லை. கூட வேலை செய்த ஒரு பிள்ளை அந்தச் சிவியைப் பார்த்துவிட்டு, "அண்ணா, இதில் நீங்கள் எங்கே?" என்று கேட்டது. எடுத்ததைத் திரும்பப் போட்டேன். மூன்று கிழமையில் ஒரு பதிப்பகத்துக்கு மின்னூல் செய்துகொடுக்கும் சின்னக் குழுவில் இருந்து போன் வந்தது. அவர்களுக்கு வேண்டியது எழுத்துக் கோர்த்த கையும் மென்பொருள் சரிபார்த்த கண்ணும் ஒரே ஆளிடம். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன்.

இப்போது உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஐ.எஸ்.டி.கியூ.பி. அடிப்படைச் சோதனையில் 40 கேள்விக்குக் குறைந்தது 26 சரியாக எழுதிப் பாஸ் பண்ணியிருக்கிறீர்கள். நல்லது. ஆனால் கொழும்பில் விண்ணப்பம் போடும் நிறையப் பேரிடம் அதே சான்றிதழ் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய அறுபது விண்ணப்பமும் அந்த நிறையப் பேரில் ஒருவராகத்தான் உங்களைக் காட்டியிருக்கும். அவர்களில் எத்தனை பேருக்குக் கொள்கலன் இலக்கம் வாசிக்கத் தெரியும்?

நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஒரு கட்டத்துக்குள் இன்னோர் இலக்கம். நீங்கள் ஒன்பது வருடம் பார்த்தது. அந்தக் கடைசி இலக்கம் ஐ.எஸ்.ஓ. 6346 என்ற தரத்தின்படி முன்னால் உள்ள பத்தையும் வைத்துக் கணக்கிட்டு வருவது. ஆங்கில எழுத்துகளுக்கு 10இல் தொடங்கி, 11, 22, 33 ஆகியவற்றை விட்டுவிட்டு ஒவ்வோர் எண் கொடுத்திருக்கிறார்கள். இடமிருந்து வலமாக 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போய்ப் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, 11ஆல் வகுத்தால் வரும் மிச்சம்தான் கட்டத்துக்குள் இருப்பது. மிச்சம் 10 வந்தால் 0 என்று போடுவார்கள். சி, எஸ், கியூ, யூ என்று தொடங்கும் 305438 என்ற பெட்டிக்குக் கூட்டுத்தொகை 6185, மிச்சம் 3. அவசரத்தில் 5ஐயும் 4ஐயும் இடம் மாற்றி 304538 என்று அடித்தால் கூட்டுத்தொகை 6249 ஆகி மிச்சம் 1 வரும். கட்டத்துக்குள் 3 நிற்கிறது. பிழை அந்த இடத்திலேயே பிடிபட வேண்டும்.

ஒரு மென்பொருள் திரை இந்தப் பிழையைப் பிடிக்காமல் ஏற்றுக்கொண்டால், கணினி படித்த பிள்ளைக்கு அது வெறும் பதினொரு எழுத்து அடிக்கும் இடம், சரியாகத்தான் வேலை செய்கிறது. உங்களுக்கோ அது துறைமுகத்தில் நிற்கும் சாமான். டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் நாளுக்கு நாள் ஏறுவது, இறக்குமதிக்காரர் போனில் கத்துவது, திருத்தக் கடிதத்துக்குக் கப்பல் ஏஜென்டின் கந்தோரில் காத்து நிற்பது, இவை எல்லாம் உங்கள் கண்ணுக்குத் தெரியும். நிகர எடை மொத்த எடையைவிடக் கூடுதலாக வந்தால் திரை என்ன செய்கிறது? சாமானின் வகையைக் காட்டும் எச்.எஸ். குறியீட்டில் உலகப் பொதுவான ஆறு இலக்கத்தை மட்டும் போட்டு, நம் நாட்டின் எட்டு இலக்கத்தை முடிக்காமல் விட்டால்? பி.எல். திகதி கப்பல் வந்த திகதிக்குப் பிந்தியதாக இருந்தால்? இந்தக் கேள்விகளை உங்களுக்கு ஒரு வகுப்பில் சொல்லித்தரத் தேவையில்லை.

ஆகவே அடுத்த இரண்டு கிழமையில் வேறு எதையும் செய்யாமல் ஒரு வேலையைச் செய்யுங்கள். சுங்கப் பத்திரம் நிரப்பும் ஒரு திரையைக் கற்பனையில் வைத்து முப்பது டெஸ்ட் கேஸ், அதாவது எதைக் கொடுத்தால் திரை என்ன செய்யவேண்டும் என்ற சோதனைக் குறிப்பு, எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், இது பிழைத்தால் நிஜத்தில் என்ன நடக்கும் என்று ஒரு வரி. பழைய கந்தோரின் பத்திரங்களையோ வாடிக்கையாளரின் பெயரையோ அதில் போடவேண்டாம், எல்லா எண்களையும் நீங்களே உருவாக்குங்கள். அந்தக் கோப்பின் இணைப்பைச் சிவியின் முதல் பக்கத்தில் வையுங்கள். சிவியில் உங்கள் பெயருக்குக் கீழே வரும் முதல் வரி, "சுங்க ஆவணத்தில் 9 வருடம், மென்பொருள் சோதனையில் 3 வருடம்" என்று இருக்கட்டும்.

எங்கே அனுப்புவது? 2021இல் மட்டும் கொழும்புத் துறைமுகம் இருபது அடிப் பெட்டிக் கணக்கில் 72 இலட்சத்துக்கு மேல் கையாண்டது. இவ்வளவு பெட்டிக்கும் பின்னால் மென்பொருள் இருக்கிறது. சுங்கத்தில் பத்திரங்களை ஏற்கும் அசிக்குடா வேர்ல்ட், அதற்கு வெளியே கிளியரிங் கந்தோர்களும் சரக்கு அனுப்புநர்களும் களஞ்சியங்களும் கப்பல் ஏஜென்டுகளும் வைத்திருக்கும் தனித்தனி மென்பொருள். உங்கள் பழைய கந்தோரில் பில் போட என்ன மென்பொருள் வைத்திருந்தார்கள்? அது அடிக்கடி மக்கர் பண்ணும்போது யாருக்குப் போன் எடுத்தீர்கள்? அந்தக் கொம்பனிக்குத்தான் முதல் விண்ணப்பம். விண்ணப்பத்தோடு, அவர்களுடைய மென்பொருளை வருடக்கணக்கில் பாவித்தவர் நீங்கள் என்பதையும் எழுதுங்கள். டொப்ஜொப்ஸிலும் லிங்க்ட்இன்னிலும் கியூ.ஏ. என்று மட்டும் தேடாமல் கப்பல், சரக்கு, களஞ்சியம் என்ற சொற்களையும் ஆங்கிலத்தில் போட்டுத் தேடுங்கள். பிஸ்னஸ் அனலிஸ்ட், இம்ப்ளிமென்டேஷன், சப்போர்ட் என்று வரும் வேலைகளையும் தள்ளிவிடாதீர்கள். அறுபது விண்ணப்பம் போட்ட நேரத்தில் பத்து இடத்துக்குப் பார்த்துப் பார்த்து எழுதலாம்.

மறைக்காமல் ஒன்றும் சொல்லவேண்டும். கையால் மட்டும் சோதிக்கிற வேலை முன்னைப்போல் இல்லை. சோதனையைத் தானாக ஓட்டும் கருவிகளான பிளேரைட், செலினியம் இரண்டில் ஒன்றைப் பிடித்து மூன்று மாதம் படியுங்கள். இரண்டையும் வேண்டாம். போஸ்ட்மேன் என்ற கருவியில் ஏ.பி.ஐ. (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) சோதிக்கவும், எஸ்.கியூ.எல். என்ற தரவுத்தள மொழியில் இரண்டு அட்டவணையைச் சேர்த்துப் பார்க்கவும் தெரிந்திருக்க வேண்டும். கொள்கலன் இலக்கத்தைச் சரிபார்க்கும் அந்தச் சோதனையையே பிளேரைட்டில் எழுதிப் பழகுங்கள். தெரிந்த விஷயத்தில் புதிய கருவியைப் படிப்பது இலேசு.

இனி அந்த இன்டர்வியூக் கேள்வி. கேட்டவர் உங்களை மட்டம் தட்டக் கேட்டார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவருக்கு உண்மையில் தெரியவேண்டியிருந்திருக்கும். "ஒன்பது வருடம் சுங்கப் பத்திரம் செய்தேன். ஓர் இலக்கம் பிழைத்தால் சாமான் துறைமுகத்தில் நிற்கும், அதனால் பிழையைப் பத்திரம் போகமுன் பிடிப்பதுதான் என் வேலையாக இருந்தது. பிறகு அந்தப் பத்திரங்களைச் செய்யும் மென்பொருளிலேயே பிழை இருப்பதைப் பார்த்தேன். அதைப் பிடிக்கப் படித்தேன்." இவ்வளவுதான். இதை ஆங்கிலத்தில் நீங்களே எழுதி, சமையலறையில் நின்று சத்தமாக இருபது தடவை சொல்லிப் பாருங்கள். உங்கள் பெரிய பிள்ளையை எதிரில் இருத்தி அந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள். வேலை ஏன் போனது என்று கேட்டால், கிளையன்ட் ஒப்பந்தம் முடிந்தது, பதினெட்டுப் பேர் போனோம் என்று ஒரே வசனம். பழைய கொம்பனியைப் பற்றி அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

மாமி சொல்வதையும் தட்டிவிடாதீர்கள். வீட்டுச் செலவு முட்டினால், பழைய கந்தோரில் அரை நாள் வேலையோ ஆறு மாத வேலையோ கேட்டுப் போவதில் ஒரு தோல்வியும் இல்லை. ஆனால் போகிறபோது ஒரு கொப்பியோடு போங்கள். அங்கே எந்த மென்பொருள் எந்த இடத்தில் தடுக்கிறது, எதை இன்னும் எக்செலில் கையால் செய்கிறார்கள் என்று ஒவ்வொரு நாளும் எழுதி வையுங்கள். ஒரு மென்பொருள் கொம்பனியின் பிஸ்னஸ் அனலிஸ்ட் அந்தக் கொப்பியைப் பார்த்தால் விடமாட்டார்.

திணைக்களத்துக்குப் போய்வந்த பிறகு எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.

கேள்வி

அண்ணா, நான் வவுனியா. வெள்ளவத்தையில் அறை எடுத்து இருக்கிறேன். 26 வயது. 14 மாதம் வெப் டெவலப்பராக வேலை செய்தேன், ஆட்குறைப்பில் போய்விட்டது. வீட்டுக்கு இன்னும் சொல்லவில்லை. டெலிகிராமில் ஒருவர் பாங்கொக்கில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை இருப்பதாகவும் மாதம் 1,200 டொலர் என்றும் சொல்கிறார். டிக்கெட் அவர்களே போடுவார்களாம். இப்போதைக்கு விசிட் விசாவில் வரட்டாம், அங்கே மாற்றித் தருவார்களாம். போகலாமா?

பதில்

போகாதே தம்பி. இதை வாசித்தவுடன் அந்த ஆளுக்குப் பதில் அனுப்புவதை நிறுத்து. பாஸ்போர்ட் பிரதி கொடுத்திருந்தால் அதை வீட்டில் ஒருவருக்காவது இன்றே சொல்.

பாங்கொக் என்று இறக்கி, அங்கிருந்து வாகனத்தில் மே சொட் எல்லைக்குக் கொண்டுபோய், ஆற்றைக் கடந்து மியன்மாரின் மியாவாடிக்குள் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். அப்படிப் போய் அகப்பட்டு மீட்கப்பட்ட இலங்கைப் பிள்ளைகள் பலர். கம்ப்யூட்டர் தெரிந்த, ஆங்கிலம் கொஞ்சம் பேசத் தெரிந்த உன்னைப் போன்றவர்களைத்தான் தேடுகிறார்கள். அங்கே வேலை என்பது போலி முகத்தோடு இணையத்தில் பேசிப் பழகி ஆட்களின் பணத்தைப் பறிப்பது. மறுத்தால் அடி. பாஸ்போர்ட் அவர்கள் கையில்.

விசிட் விசாவில் வேலை என்று யார் சொன்னாலும் அந்த இடத்திலேயே நிறுத்திவிடு. வெளிநாட்டு வேலை எதுவாக இருந்தாலும் வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்குப் போன் எடுத்து, அந்த முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, இந்த வேலைக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்களா என்று கேள். இரண்டு நிமிட வேலை.

அப்பாவுக்குச் சொல். அறை வாடகைக்குக் கடன் வாங்கி, அந்தக் கடனை மறைக்க இன்னொரு கடன் வாங்கி, அதன் பிறகுதான் டெலிகிராமில் வந்த இப்படிப்பட்ட ஆள் நல்லவராகத் தெரியத் தொடங்குகிறார். உன் தொழிலில் இரண்டு மாதம் வவுனியாவில் வீட்டில் இருந்தும் வேலை தேடலாம், இன்டர்வியூவும் பெரும்பாலும் முதலில் வீடியோவில்தான். சின்னச் சின்ன வெளிநாட்டு ஃப்ரீலான்ஸ் வேலை கிடைத்தால் செய். பணத்தை வங்கி வழியாகவே எடு. 2025 ஏப்ரல் முதல் அப்படி வரும் சேவை வருமானத்துக்கு வரி ஆகக் கூடியது 15 வீதம்தான், அதுவும் வருட வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டினால்தான். வங்கிக் கணக்கில் தெரியும் பணம் நாளைக்குச் சிவியில் காட்டக்கூடிய வேலையும் ஆகிறது.

கேள்வி

ஐயா, என் மகனுக்கு 34 வயது. கொட்டாஞ்சேனையில் எங்களோடுதான் இருக்கிறான். தினமும் காலையில் குளித்து உடுத்து பேக்கைத் தூக்கிக்கொண்டு போகிறான். அவனுக்கு வேலை போய் இரண்டு மாதம் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை சொல்லித்தான் எனக்குத் தெரியும். கேட்டால் உடைந்துவிடுவானோ என்று பயமாக இருக்கிறது. கேட்கலாமா, விடலாமா?

தாய், கொட்டாஞ்சேனை

பதில்

கேளுங்கள் அக்கா. அவர் களைத்துப்போயிருப்பது வேலை இல்லாததால் மட்டும் இல்லை, ஒவ்வொரு நாளும் உங்களுக்கு முன்னால் நடிக்க வேண்டியிருப்பதாலும்தான். "எனக்குத் தெரியும் தம்பி" என்ற ஒரு வசனம் போதும். எப்போது புது வேலை கிடைக்கும், எத்தனை இடத்துக்கு எழுதினாய், இன்னாரின் மகன் எங்கே இருக்கிறான் என்ற எதையும் அன்றைக்குக் கேட்கவேண்டாம்.

ஆனால் அந்தக் காலைப் புறப்பாட்டை நிறுத்தவும் வேண்டாம். 2023இல் நானும் அப்படித்தான் தினமும் வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்க நூலகத்துக்குப் போனேன். வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மத்தியானம் வரை அங்கே இருந்து விண்ணப்பம் எழுதுவேன், படிப்பேன். முதல் நாள் மனைவி வழமைபோல் சாப்பாட்டுப் பார்சல் கட்டினா. "கந்தோர் இல்லையே, எதுக்கு?" என்றேன். "லைப்ரரிக்குப் போனாலும் பசிக்கும்தானே" என்று பேக்கில் வைத்துவிட்டா. நாளைக்கு உங்கள் மகனுக்கும் ஒன்று கட்டி வையுங்கள்.